மூன்றே நாளில் கேட்ட பொடி

தை பிறந்து ஐந்து நாளாகியும் கோட்லா முபாரக்பூருக்குச் சூரியன் வந்து சேரவில்லை. அப்படியொரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியண்ணன் தன் மனைவி பொன்னியைத் துடுப்பால் அடித்தார். மாவு கலக்குகிற தேக்குத் துடுப்பு, இரண்டு முழ நீளம். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அதுதான் முதல் அடி. இடது புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

விஷயம் என்னவோ மாவுதான். ராசிபுரத்திலிருந்து தில்லிக்கு வந்த நாள் முதலாகப் பெரியண்ணன் இட்லி மாவு ஆட்டி, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடைகளுக்குப் போடுகிறார். மற்ற மாதங்களில் தொந்தரவு இல்லை. மார்கழியிலும் தையிலும் மாவு பொங்கவே பொங்காது. டிரம்முகளைப் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வையில் சுற்றி மரப்பெட்டிக்குள் இறக்கி, உள்ளே நூறு வாட் பல்பை எரியவிட்டு, பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு பெட்டியில் பல்பு எப்போதோ போய்விட்டிருந்தது. மூடியைத் திறந்தால் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது.

"பல்பு எரியுதான்னு பாக்காம என்னடி புடுங்கீட்டிருந்தே?"

"ஏனுங்க, அது எந்நேரம் போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க?"

இவ்வளவுதான் அவள் சொன்னது. துடுப்பு இறங்கிவிட்டது. அடித்த வேகம் அடங்காமல் டிரம்மை ஓர் உதை விட்டார். அது உருண்டு நாற்பது லிட்டர் மாவும் தரையில் ஓடியது. பொன்னி அதன் நடுவே உட்கார்ந்திருந்தாள். வெள்ளையில் சிவப்பு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மகன் நரேன் மாடியறையிலிருந்து ஓடிவந்தான். இருபத்தாறு வயது, தில்லியிலேயே பிறந்தவன், ஓக்லாவில் உணவுப் பொருள்களைச் சோதிக்கிற ஒரு லேபில் வேலை. "அப்பா, பஸ் கரோ, போதும்" என்று பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். பெரியண்ணன் தோளை ஒரு உலுக்கு உலுக்கினார். பிள்ளை சுவரில் போய் மோதினான். எழுந்திருப்பதற்குள் கழுத்தைப் பிடித்து நெரித்தார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். ஒன்பதுக்குப் பதினொன்று அறை எப்படிக் கொள்ளும்? பொன்னி காலைக் கட்டிக்கொண்டு கதறிய பிறகுதான் கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு அடியைவிடப் பயமாக இருந்தது. மனிதனுக்குப் பசி எடுத்துவிட்டது. மாவு ஓடிய தரையைத் தாண்டிப் போய், தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நேற்றைய சட்னியோடு எட்டு இட்லி தின்றார்.

பெரியண்ணன் இப்படிப்பட்டவர் இல்லை. கடைக்காரன் பாதி மாவைத் திருப்பி அனுப்பினாலும் "போச்சாதுங்க" என்று சிரித்துவிட்டு வருகிற ஆள். கோபம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்பார். அவருக்கு இருந்த ஒரே குறை முழங்கால். ஐம்பது கிலோ அரிசி மூட்டையை வருடக்கணக்காகத் தோளில் தூக்கித் தூக்கி, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. போன வருடம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டை தூக்குவதை விடு, தொடைக்குப் பலம் வரும்படி பயிற்சி செய் என்றார். மூட்டை தூக்குவதை விட்டால் பிழைப்பை எங்கே போய்த் தூக்குவது?

நரேன் குளுக்கோஸமின் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கிறான். டாக்டர் அதற்கு நேர்மையாகவே பதில் சொன்னார். சிலருக்குக் கொஞ்சம் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை, கேட்கும் என்று யாரும் திட்டமாக நிரூபித்ததும் இல்லை. பெரிய கெடுதலும் கிடையாது. மூன்று மாதம் பார், கேட்காவிட்டால் விட்டுவிடு. மூன்று மாதம் பார்த்தார்கள். கேட்கவில்லை.

"நண்டு ஓட்டுலதான் செய்யறாங்களாம்மா" என்று நரேன் சொன்னபோது பொன்னி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கு நண்டையே வாங்கி ரசம் வெச்சுக் குடுத்திருப்பேனே கண்ணு. வாய்க்காச்சும் ருசியா இருந்திருக்கும்."

அந்த ஆடிக் கிருத்திகைக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனார்கள். பாதிப் படியில் பெரியண்ணன் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சதாசிவம் இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஏறினார். எழுபத்திரண்டு வயது, மத்தியச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். இவர்களைப் பார்த்து நின்றார்.

"என்னவே, முட்டியா? ஆறு வருசத்துக்கு முன்ன நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன். மீரட் பக்கத்துல ஒரு வைத்தியரு பொடி குடுக்காரு. சுத்த மூலிகை. காலையில அரை ஸ்பூன் பால்ல போட்டுக் குடியும். மூணே நாளுதான். நாலாம் நாள் நீரே வந்து எனக்குச் சொல்லுவீரு."

இதில் அவருக்கு லாபம் ஒரு நயா பைசா கிடையாது. வந்த விலைக்கே பழைய ஆபீஸ் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். தான் நடந்ததுபோல ஊரும் நடக்க வேண்டும் என்கிற ஆசை. பொய் சொல்கிற மனிதனாக இருந்தால் பொன்னி கண்டுபிடித்திருப்பாள். அவர் உண்மையைத்தான் சொன்னார். மூன்றாம் நாள் காலை பெரியண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

பொன்னி அன்று முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். ஐப்பசியில் வேலை கூடியபோது அரை ஸ்பூனை முழு ஸ்பூன் ஆக்கியதும் அவள்தான். மனிதர் மளமளவென்று தேறினார். ஒட்டிப்போயிருந்த கன்னம் உருண்டு திரண்டது. கழுத்துக்குப் பின்னால் ஒரு திமில் மாதிரி சதை போட்டது. "அண்ணன் பூசினாப்புல ஆயிட்டாரே" என்று மார்க்கெட்டில் எல்லாரும் சொன்னார்கள். கண் பட்டுவிடும் என்று இவள் வெள்ளிக்கிழமைதோறும் சுற்றிப் போட்டாள். கையில் அங்கங்கே ஊதா ஊதாவாக ரத்தம் கட்டியதை, மூட்டை இடித்தது என்று நினைத்தாள். தூக்கம் குறைந்தது, எரிச்சல் ஏறியது. கார்த்திகையில் கடைக்காரர் ஒருவரின் சட்டையைப் பிடித்தார். மார்கழியில் ரிக்‌ஷாக்காரனின் பல்லை உடைத்தார். தையில் துடுப்பு.

துடுப்படி விழுந்த அன்று நரேன் அம்மாவை ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட வைத்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, ஏதோ சந்தேகத்தில் பொடி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட்டோடு வந்தான். அவன் லேபிலேயே மருந்துப் பிரிவில் இருக்கும் ஸ்நேஹா என்கிற பெண் மெஷினில் போட்டுப் பார்த்துக் கொடுத்தாளாம்.

"அம்மா, இதுல மூலிகை கம்மி, மருந்து ஜாஸ்தி. டெக்ஸாமெதசோன்னு ஒரு ஸ்டீராய்டு. அப்புறம் வலி மாத்திரையை அரைச்சுப் போட்டிருக்கானுங்க. அப்பா முகம் உப்புனது, நம்மள அடிக்கறது, எல்லாம் இதனாலதான்."

"மூணு நாளுல நடந்தாரே கண்ணு."

"அதான்மா. மூணு நாள்ல கேக்கற மூட்டு மருந்துன்னா அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நம்ம புத்தி எங்க போச்சு?"

சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து மோரியில் கொட்டித் தண்ணீரை ஊற்றினான். உள்ளே உளுந்து அளந்துகொண்டிருந்த பெரியண்ணன் பார்த்துவிட்டார்.

"டேய். என்ற காலைக் கொட்டறியாடா" என்று வந்தவர், பையனின் முடியைப் பிடித்து கிரைண்டர் விளிம்பில் தலையை மோதினார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. நரேன் திரும்பி, அப்பன் என்று பார்க்காமல் வாயில் குத்தினான். இரண்டு பேரும் ஈரத் தரையில் புரண்டார்கள். ஊறின அரிசி காலடியில் நொறுங்கியது. பெரியண்ணனின் கை அம்மிக் குழவியைத் தேடிப் போயிற்று. பொன்னி தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு, சண்டை போடுகிற நாய்களின்மேல் ஊற்றுவதுபோல இருவர்மேலும் வீசினாள். தில்லித் தை மாதத் தண்ணீர். இரண்டு பேருக்கும் மூச்சு நின்று வந்தது. அதோடு சண்டை நின்றது.

மறுநாள் பெரியண்ணனுக்கு முட்டி வலி பழையபடி திரும்பியது. வியாழக்கிழமை படுத்துவிட்டார். உண்டது தங்கவில்லை, வாந்தி எடுத்தார். பொன்னி, குளிரில் தண்ணீரைக் கொட்டினோமே, அதனால் ஜன்னி கண்டுவிட்டது என்று சுக்குக் கஷாயம் வைத்தாள். ஆனால் அவர் குரல் மாறியிருந்தது. "பொன்னி, கொஞ்சம் தண்ணி குடு சாமி" என்றார். அந்தச் சாமியைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! அடுப்படியில் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

"பழைய மனுசன் வந்துட்டாருடா கண்ணு. கால் போனாப் போச்சாது" என்றாள் நரேனிடம்.

நரேனின் நெற்றி வீங்கிக் கருத்திருந்தது. "இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கும்மா" என்றான். வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்து இவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். பெரியண்ணன் கண்ணை மூடிக் கிடந்தார். கூப்பிட்டதற்கு ம் என்றார். தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினாள்.

சதாசிவம் ஆர்.கே.புரத்தில் மகளுக்குக் கொடுத்த சர்க்கார் குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடியில் இருந்தார். மகள் ஆபீஸுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவி வசுமதியும் மட்டும். வசுமதி சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க தாயி. இதென்ன நெத்தியில கட்டு?" என்று எழுந்து வந்தார் சதாசிவம்.

"உங்க பொடி குடுத்த கட்டு அங்கிள்" என்று நரேன் ரிப்போர்ட்டை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "விஷத்தை வித்துட்டு, முருகன் பேரைச் சொல்லிட்டுத் திரியறீங்க."

"எல, மரியாதையாப் பேசு. நான் என்ன யாவாரியா? ஆறு வருசமா நானும் அதத்தான் திங்கேன். என்னைப் பாரு. உம் மெஷினு எழுபத்திரண்டு வயசுல மூணு மாடி ஏறுமால?"

"எங்க வெச்சிருக்கீங்க? எடுங்க."

அலமாரியில் பெரிய தகர டப்பா இருந்தது. நரேன் எடுக்கப் போனான், சதாசிவம் மார்போடு அணைத்துக்கொண்டார். "வேண்டாஞ்சாமி, பெரியவரு" என்று பொன்னி பையனின் சட்டையை இழுத்தாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை. அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகுத் திருகினான். ஒரு பையனோடு மல்லுக்கட்டுகிற அளவு திருகுகூட இல்லை அது.

முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. டப்பா விழுந்து பொடி பரவியது. சதாசிவத்தின் கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மூட்டு இல்லாத இடத்தில் மடிந்து தொங்கியது. அவர் கத்தக்கூட இல்லை. ஏதோ கணக்குத் தப்பிவிட்டது போலத் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரிந்தார்.

வசுமதி பூரிக்கட்டையோடு ஓடிவந்தாள். "கொலகாரப் பாவி" என்று நரேனின் தோளிலும் முதுகிலும் மாறி மாறிப் போட்டாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. "நான் இவ்வளவு பலமா பிடிக்கலைம்மா. சத்தியமா பிடிக்கலை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பொன்னிதான் ஒரு துண்டைக் கிழித்து, அந்தக் கையோடு மடித்த செய்தித்தாளை வைத்துக் கட்டினாள். ஆட்டோ பிடித்துப் பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நரேன் வண்டியில் பின்னாலேயே வந்தான். எமர்ஜென்ஸியில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டாள், எலும்பு அரித்துப் போயிருக்கிறதே, எப்படி ஒடிந்தது என்று.

வசுமதி நரேனை நோக்கி விரலை நீட்டினாள். அதற்குள் சதாசிவம் முந்திக்கொண்டார்.

"படியில விழுந்துட்டேன்னு சொல்லும்மா" என்றார் தமிழில், பொன்னியிடம். நெற்றி வேர்த்துக் கொட்டியது. "ரெண்டு ரெண்டு படியாத் தாவுனேம்லா. விழுந்துட்டேன்னு சொல்லு."

நரேனுக்கு அது தாங்கவில்லை. நான்தான் திருகினேன், ஆறு வருடமாக இவர் தின்கிற பொடி இது என்று சொல்லி, ரிப்போர்ட்டையும் மேஜைமேல் வைத்தான். டாக்டரம்மா அதைப் படித்தாள். இந்தக் கையை நீ ஒடித்தது பாதி, ஆறு வருடமாகப் பொடி ஒடித்தது பாதி என்றாள். "வேறே யார் சாப்பிடறாங்க?"

"எங்கப்பா. ஆறு மாசமா. ஆனா நிறுத்திட்டோம். செவ்வாய்க்கிழமை மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். "இப்போ எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்காருங்க" என்று பொன்னி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். "அமைதி ஆயிட்டாரு. வாந்திதான் நிக்கலை. எந்நேரமும் தூக்கம்."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நரேனின் சட்டையைப் பிடித்தே உலுக்கினாள். அந்த மருந்தை வெளியிலிருந்து கொடுத்தால், உடம்பு தானாகச் சுரக்கிறதை நிறுத்திவிடும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகும். "அது அமைதி இல்லை. அவர் செத்துக்கிட்டிருக்கார். ஓடு."

ஐ.என்.ஏ. சிக்னலில் நரேன் நிற்கவில்லை. கதவைத் திறந்தபோது பெரியண்ணன் கட்டிலுக்குக் கீழே, மாவுப் பெட்டியைப் பிடித்தபடி குப்புறக் கிடந்தார். எழுந்து வரப் பார்த்திருக்கிறார். வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. நரேன் கன்னத்தில் ஓங்கி ஓங்கி அறைந்தான். "அப்பா, உட்டோ, எந்திரிங்க, ஜல்தி" என்று அலறினான். கண் திறக்கவில்லை. பொன்னிக்கு மகனை அடிக்க வேண்டும் போலிருந்தது, தன்னையும் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மாவு டிரம் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ரஜாயோடு தூக்கிப் போட்டாள். நரேன் ஓட்ட, வழியெல்லாம் அவர் மார்பில் காதை வைத்துக்கொண்டு வந்தாள்.

எமர்ஜென்ஸியில் இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்றாவது இடத்தில் குத்தினார்கள். சரியான மருந்து வார்டில் தீர்ந்துபோயிருந்தது, வெளியிலிருந்து வாங்கிவா என்று சீட்டு எழுதினாள் டாக்டரம்மா. அதுவரைக்கும் இதைப் போடு என்று நர்ஸிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தாள். நர்ஸ் அதன் கழுத்தை உடைத்து, மருந்தை இழுத்துக்கொண்டு, காலிக் குப்பியை டிரேயில் போட்டாள். நரேன் அதை எடுத்துப் படித்தான். டெக்ஸாமெதசோன். செவ்வாய்க்கிழமை அவன் மோரியில் கொட்டியதும் அதுதான். குப்பியை வைத்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

பக்கத்து ஸ்ட்ரெச்சரில் சதாசிவம் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, இடது கையால் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொடி கெடுதலுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஆனா நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிச் சொல்லுங்க. நான் சொன்னத நம்புனீங்கள்லா, இதையும் நம்புங்க." அவர் பொடி கொடுத்த ஆட்கள் முப்பதுக்கு மேல் இருந்தார்கள்.

பெரியண்ணனுக்கு நினைவு திரும்பியது ஞாயிற்றுக்கிழமை. தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். கஞ்சி குடித்தார். அப்புறம் பொன்னியின் நெற்றியைப் பார்த்தார். தையல் கறுப்பாக, எறும்பு வரிசை போல இருந்தது.

"அதென்ன பொன்னி? யாரு அடிச்சா?"

படியில் விழுந்தேன் என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். மனது வரவில்லை.

"நீங்கதானுங்க. துடுப்பால."

அவருடைய உப்பிய கன்னத்தில் கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. "அந்தப் பொடி இனி வேண்டாஞ்சாமி. கால் முடங்கிக் கெடந்தாலும் கெடக்கறேன்" என்றார்.

"பொடி வேண்டாமுங்க. ஆனா அந்த மருந்து வேணுமாமா." அவள் முந்தானை முடிச்சிலிருந்து வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்தாள். "இதும் அதே ஜாதிதானுங்களாமா. தெனமும் குடுக்கணும். கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சு நிறுத்த எட்டு மாசம் ஆகுமாமா. நடுவுல நிறுத்துனா உசுரு போயிருமாமா. அதுவரைக்கும் கோவம் வந்தாலும் வருமாமா, டாக்டரம்மா சொல்லீட்டாங்க."

"அப்ப எனக்குக் குடுக்காதே."

"உங்களைச் சாக உட்டுட்டு நான் மாவாட்டவா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் நாந்தான் குடுப்பேன். துடுப்பைக் கழுவி என்ற கட்டிலுக்குக் கீழ வெச்சிருக்கறனுங்க. இன்னொரு வாட்டி கை ஓங்குனீங்கன்னா, அதை எடுக்கறது நானாத்தான் இருக்கும். இப்பவே சொல்லீட்டேன்."

பெரியண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பொன்னி மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைப் புகட்டி, அவர் தொண்டை ஏறி இறங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.